எழுந்து நடக்க வைக்கும் படிப்பு

கால் ஒடிந்தால் டாக்டர் எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போடுகிறார். கட்டைப் பிரித்த பிறகு அந்தக் காலை நடக்க வைப்பது யார்?

பக்கவாதம் வந்தால் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி விடுகிறார்கள். மடங்கிப் போன கையால் மறுபடியும் சோறு பிசைந்து சாப்பிடச் சொல்லிக் கொடுப்பது யார்?

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் கருவி பொருத்துகிறார்கள். அந்தக் குழந்தையை "அம்மா" என்று சொல்ல வைப்பது யார்?

இந்த வேலைகளுக்கென்றே தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறுவாழ்வு சிகிச்சையாளர்கள் என்று சொல்லலாம். பிசியோதெரபி என்றால் பலருக்குத் தெரியும். மற்றப் படிப்புகளின் பெயர்கூடப் பல வீடுகளில் தெரியாது.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் படிப்பைப் பற்றிப் பேச்சு எழுவது எப்போது? "டாக்டர் சீட் கிடைக்காது" என்று தெரிந்த பிறகுதான்! கிடைக்காததற்குப் பதிலாக ஏதோ ஒன்று என்று இதில் சேர்க்கிறார்கள். இது பிள்ளைக்கும் நல்லதல்ல. நாளைக்கு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கப் போகும் நோயாளிக்கும் நல்லதல்ல.

48 மணி நேரமும் அதற்குப் பிறகும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை செல்லும் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பாருங்கள். இரவு பகலாக லாரியும் பஸ்சும் மோட்டார் சைக்கிளும் ஓடுகின்றன. விபத்து நடக்காத நாள் அபூர்வம்.

விபத்தில் அடிபட்டவர்களின் உயிரைக் காக்க "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்ற திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் இதே ரோட்டில் உள்ள மேல்மருவத்தூர்தான். அடிபட்ட முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை என்பது அந்தத் திட்டம். பிழைக்க முடியாது என்று கைவிடப்பட்டிருக்கக் கூடியவர்கள் இதனால் பிழைக்கிறார்கள். நல்ல காரியம். மிக நல்ல காரியம்.

ஆனால் 48 மணி நேரம் முடிந்த பிறகு?

தண்டுவடத்தில் அடிபட்டவர் வீட்டுக்கு வருகிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரே பக்கமாகப் படுத்தே இருந்தால் படுக்கைப் புண் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அசையாத மூட்டு சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கி விடும். இதையெல்லாம் மனைவிக்கும் தாய்க்கும் யார் சொல்லித் தருவது? சக்கர நாற்காலியில் ஏறவும் இறங்கவும் யார் பழக்குவது? அடுத்த 48 வாரங்களில் இது நடந்தால் அவர் ஒரு தையல் மிஷின் முன்னாலோ, கடை கல்லாப்பெட்டி முன்னாலோ உட்காருவார். நடக்கவில்லை என்றால் சுவரைப் பார்த்துக் கொண்டு படுத்திருப்பார்.

உயிரைக் காப்பது ஒரு பாதி. அந்த உயிரை வாழ வைப்பது மறு பாதி. முதல் பாதிக்குச் சர்க்காரும் மக்களும் கொடுக்கும் மரியாதை, மறு பாதிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

என்ன படிப்பு? என்ன வேலை?

பிசியோதெரபிஸ்டு உடலின் அசைவைக் கவனிப்பவர். தசை, மூட்டு, நரம்பு, மூச்சு ஆகிய நான்கும் அவர் பொறுப்பு.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போவது நின்றாலும், ரத்தக் குழாய் வெடித்தாலும் பக்கவாதம் வரும். செத்துப் போன பகுதி திரும்ப உயிர் பெறாது. ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளக் கூடியவை. எப்படிக் கற்றுக்கொள்ளும்? திரும்பத் திரும்பச் செய்வதால்தான்! முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கும். பிறகு வேகம் குறையும். "கொஞ்சம் தேறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருப்பவர்கள் பொன்னான காலத்தை இழக்கிறார்கள்.

அடுத்தவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டு. தமிழில் தொழில்வழிச் சிகிச்சையாளர் எனலாம். தொழில் என்றால் ஆபீஸ் வேலை மட்டுமல்ல. பல் தேய்ப்பதும், சட்டைப் பொத்தான் போடுவதும், கரண்டி பிடிப்பதும் தொழில்தான். கை நடுங்குகிற பெரியவருக்குக் கைப்பிடி பருத்த கரண்டி செய்து கொடுப்பார். ஒரு கையாலேயே சேலை கட்டுவது எப்படி என்று ஓர் அம்மாளுக்குப் பழக்குவார். நம் வீடுகளில் நோயாளிக்கு ஊட்டி விடுவதே அன்பு என்று நினைக்கிறோம். இவர் கரண்டியை நோயாளியின் கையிலேயே கொடுத்து விட்டுப் பொறுமையாகப் பக்கத்தில் உட்காருவார். பாதிச் சோறு சிந்தும். சிந்தட்டும்! மறுநாள் கொஞ்சம் குறைவாகச் சிந்தும்.

மூன்றாமவர் பேச்சு–கேள்விப் பயிற்சியாளர். திக்குவாய்க்கு மட்டும்தான் இவர் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவது சிரமமாகி விடும். குடிக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் விட்டால் நிமோனியா வரும். எப்படி உட்கார வைத்து, எவ்வளவு கெட்டியான உணவு தர வேண்டும் என்று பார்த்துச் சொல்பவரும் இவரே.

காது கேளாத குழந்தைக்கு "காக்ளியர்" கருவியைப் பொருத்துவது பல லட்ச ரூபாய் செலவு பிடிக்கும் ஆபரேஷன். தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் இது செய்யப்படுகிறது. கருவி ஒலியைக் கொண்டு வந்து கொடுக்கும். ஆனால் அந்த ஒலிக்கு அர்த்தம் என்ன என்று குழந்தைக்குத் தெரியாது. மாதக் கணக்கில் பயிற்சி கொடுத்தால்தான் பேச்சு வரும். பயிற்சி நின்றால் அத்தனை செலவும் பயன் தராமல் போகும்.

நான்காமவர் செயற்கைக் காலும் காலிப்பரும் செய்பவர். இதற்கும் பட்டப் படிப்பு இருக்கிறது. கால் இழந்தவரின் எஞ்சிய காலை அளவெடுத்து, அச்சு வார்த்து, அவருக்கென்றே செய்ய வேண்டும். ஒருவர் கால் இன்னொருவருக்குப் பொருந்தாது. புகழ் பெற்ற ஜெய்ப்பூர் காலை உருவாக்கியதில் டாக்டர் சேத்தியோடு ராம் சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞருக்கும் பங்கு உண்டு. புத்தக அறிவும் கைத்திறமையும் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

சிறப்புக் கல்வி ஆசிரியர்களும், மனநல ஆலோசகர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

தாம்பரத்தின் பழைய பெருமை

தாம்பரம் பக்கத்து மக்களுக்கு இந்தத் துறை அன்னியமானதல்ல.

மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் "தாம்பரம் சானடோரியம்" என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கிறார்கள். 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அதனால்தான் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர். 1937ஆம் ஆண்டு சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகியவையே சிகிச்சை. வெளிநாட்டு சானடோரியங்களில், ஓய்வெடுத்துத் தேறிய நோயாளிக்குச் சிறு சிறு வேலை கொடுத்து, நாளாக ஆக அதைக் கூட்டினார்கள். நோயாளி திரும்பவும் உழைக்கும் மனிதர் ஆனார். தொழில்வழிச் சிகிச்சை என்ற துறை வளர்ந்ததில் சானடோரியங்களுக்கும் பங்கு உண்டு.

அதே ரயிலில் செங்கல்பட்டு வரை போனால், பக்கத்தில் திருமணி இருக்கிறது. 1955ஆம் ஆண்டு முதல் மத்திய சர்க்காரின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அங்கே உள்ளது. தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்த முடியும் என்று வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1948ஆம் ஆண்டிலிருந்து செய்து காட்டினார். அந்த வகை ஆபரேஷனில் ஓர் அதிசயம் உண்டு. மோதிர விரலின் தசைநாரை எடுத்துக் கட்டை விரலில் சேர்த்து விடுவார்கள். பிறகு நோயாளி மோதிர விரலை மடக்க நினைத்தால், கட்டை விரல் அசையும்! மூளைக்குப் புதுப் பாடம் கற்பிக்க வேண்டும். அந்தப் பாடத்தை நடத்துகிறவர் பிசியோதெரபிஸ்டு. அவர் இல்லாவிட்டால் டாக்டரின் கத்தி செய்த வேலை வீண்.

தாம்பரத்திலிருந்து கிழக்கே கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைக்குப் போனால் முட்டுக்காடு. பலவகை ஊனம் ஒருங்கே உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு அங்கே ஏற்பட்டது. காதும் கேளாமல், கண்ணும் தெரியாமல் இருக்கும் குழந்தைகளுக்குக்கூட அங்கே பயிற்சி உண்டு. சிறப்புக் கல்வி, பேச்சு–கேள்விப் பயிற்சி முதலிய படிப்புகளும் அங்கே நடக்கின்றன. காட்டாங்கொளத்தூரிலும் பல்லாவரத்திலும் பிசியோதெரபி கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. கே.கே. நகரில் செயற்கை உறுப்புகள் செய்து தரும் சர்க்கார் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

ஆக, ரயில் பாஸ் எடுத்துப் போய் வரும் தூரத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. தெரியாததால்தான் பல பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவில்லை.

சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

இந்தத் துறையின் பெருமையை அறிய ஒரு பெண்மணியின் வரலாறு போதும்.

கேரளத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். 1954ஆம் ஆண்டு ஒரு மோட்டார் விபத்து. முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை!

"இனி என்ன செய்வது?" என்று கலங்கியவருக்கு டாக்டர் பிராண்ட் வழி காட்டினார். காலால் செய்ய வேண்டிய வேலை அல்லவே ஆபரேஷன்! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கினார் மேரி.

பிறகு ஆஸ்திரேலியாவில் தானே மறுவாழ்வு சிகிச்சை பெற்றார். அமெரிக்கா சென்று அந்தத் துறையையே படித்தார். வேலூருக்குத் திரும்பி, தம்மைப் போல் அடிபட்டவர்களுக்காக மறுவாழ்வு நிலையம் அமைய முன்னின்றார். அது 1966ஆம் ஆண்டு தொடங்கியது. இந்தத் துறையில் இந்தியாவின் முன்னோடி நிலையங்களில் அது ஒன்று. 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986ஆம் ஆண்டு காலமானார்.

விபத்துக்கு முன்பும் அவர் டாக்டர்தான். ஆனால் அவர் பெயரை நாடு நினைவில் வைத்திருப்பது எதற்காக? விபத்துக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட துறைக்காகத்தான்.

சம்பளம் குறைவு என்கிறார்களே?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். மூடி மறைக்கத் தேவையில்லை.

தனியார் கிளினிக்குகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு. நான்கு வருஷத்துக்கு மேல் படித்தவர் குடும்பம் நடத்தத் திணறுகிறார். அதனால் பலர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறார்கள். வேறு சிலர் துறையையே விட்டு விடுகிறார்கள். நஷ்டம் யாருக்கு? குரோம்பேட்டையிலும் கூடுவாஞ்சேரியிலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு!

2025ஆம் ஆண்டு நாடு முழுவதும் ஒரு பெரிய வாதம் நடந்தது. பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று போட்டுக்கொள்ளலாமா, கூடாதா என்பது வாதம். இரண்டு பக்கமும் காரசாரமாகப் பேசினார்கள். படுக்கையில் கிடப்பவர் "என்னை எழுந்து நிற்க வைப்பாரா?" என்று கேட்கிறார். பெயருக்கு முன்னால் எழுத்து கிடைப்பதை விட, ஊருக்கு ஒரு வேலை இடம் கிடைப்பது முக்கியம். அதற்காக இத்தனை காரசாரமாக வாதாடியிருந்தால் நாட்டுக்கு நன்மை அதிகம்.

தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதியால் கால் எடுக்கப்பட்டவர்கள், மூட்டு தேய்ந்த முதியவர்கள், நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதுகுவலி வந்த இளைஞர்கள் இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகத்தில் மூன்று பேரில் ஒருவர் இத்தகைய சிகிச்சையால் பயன் பெறக் கூடிய உடல்நிலையில் இருக்கிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

ஆள் தேவை. படித்தவரும் இருக்கிறார். இருவரையும் சேர்த்து வைக்க வேண்டியது சர்க்காரின் கடமை.

சர்க்கார் செய்ய வேண்டியது

2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடிப் போய்ச் சிகிச்சை கொடுத்தார்கள். அது சரியான பாதை.

ஏன் சரி? தினக் கூலிக்காரர் ஒருவருக்குப் பக்கவாதம் என்று வைத்துக்கொள்வோம். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோ வேண்டும். கூடப் போகும் மனைவிக்கு ஒரு நாள் கூலி போகும். வாரத்தில் மூன்று நாள் வரச் சொன்னால் எத்தனை வாரம் வருவார்கள்? நாலைந்து தடவையோடு நின்று விடுவார்கள். சிகிச்சை பலிக்கவில்லை என்று பேர் வரும். சிகிச்சையில் குறை இல்லை. தூரத்தில்தான் குறை!

ஆகவே ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நிரந்தர பிசியோதெரபிஸ்டு வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் தொழில்வழிச் சிகிச்சையாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் வேண்டும். தற்காலிக வேலையாக அல்லாமல், உரிய சம்பளத்தோடு வைக்க வேண்டும். ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் காப்பீட்டுத் திட்டம், அதற்குப் பிந்திய பயிற்சிக்கும் முழுமையாகக் கொடுக்க வேண்டும். வீடு கட்டி விட்டுக் கதவு வைக்காமல் விடுவார் உண்டா?

பெற்றோர் கவனிக்க!

பிள்ளையைச் சேர்க்கும் முன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அங்கீகாரம். பேச்சு–கேள்விப் பயிற்சி, செயற்கை உறுப்பு, சிறப்புக் கல்வி ஆகிய படிப்புகளுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். இந்தக் கவுன்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அதில் பதிவு செய்யாதவர் இந்தத் தொழில்களைச் செய்தால் தண்டனை உண்டு. பிசியோதெரபிக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் 2021ஆம் ஆண்டு தனிச் சட்டம் வந்தது. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பயனில்லை.

இரண்டாவது, ஆஸ்பத்திரி. நோயாளியைத் தொடாமல் இந்தக் கலை வராது. கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வருகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, "ஆறே மாதத்தில் பிசியோதெரபி" என்பது போன்ற விளம்பரங்களைக் கண்டு மயங்காதீர்கள். பட்டப் படிப்புக்கு நான்கு வருஷத்துக்குக் குறையாது. சேர்க்கை விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறக் கூடும். மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு வெளியிடும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்து விண்ணப்பம் போடுங்கள்.

நான்காவதுதான் மிக முக்கியம். பிள்ளையின் குணத்தைப் பாருங்கள். தாத்தாவுக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்து, அவர் மெதுவாக நடக்கும்போது தானும் மெதுவாக நடக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறதா? தம்பிக்குப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தும் எரிச்சல் படாத பெண் இருக்கிறாளா? அவர்களுக்கு ஏற்ற படிப்பு இது. மார்க் அதிகம் வாங்கியிருந்தால் இன்னும் நல்லது. உடற்கூறு, நரம்பு, எலும்பு எல்லாம் கரைத்துக் குடிக்க வேண்டிய பாடங்கள்.

"டாக்டர் படிப்பு கிடைக்கவில்லை, அதனால் இது" என்று வந்த மாணவர் நாலு வருஷமும் இழந்ததையே நினைத்துக் கொண்டிருப்பார். "இதுதான் எனக்கு வேண்டும்" என்று வந்தவர், ஒரு விரல் கால் அங்குலம் அசைந்தாலும் கொண்டாடுவார். நோயாளிக்கு நம்பிக்கை பிறப்பது அந்தக் கொண்டாட்டத்தில்தான்.

வருகிற வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விண்ணப்பம் பூர்த்தி செய்ய உட்காரும்போது, இந்தப் படிப்பின் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதாதீர்கள். பிள்ளை விரும்பிக் கேட்டால், முதல் வரியில் எழுதுங்கள்!